ஒரே ‘சொத்து’, இரண்டு கணக்கு

மதுரையில் வைகைக்கு வடகரையில் எங்கள் அடுக்ககம். மூன்று மாடி, 18 வீடு, ஏ1 முதல் சி6 வரை. மாதப் பராமரிப்பு வீட்டுக்கு 2,500 ரூபாய். சங்கப் பொருளாளர் பொறுப்பு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கை மாறும். அதை யாரும் கேட்டு வாங்குவதில்லை. பொதுக்குழுவுக்கு வராதவர் தலையில் தானாக விழும். 2023 ஏப்ரலில் எனக்குக் காய்ச்சல்.

கைக்கு வந்தது ஒரு விரிதாள். ஓராண்டு அதிலேயே ஓட்டினேன். 2024 பொதுக்குழுவில் வரவு செலவு அறிக்கையைப் படித்து முடித்ததும் பி3 வீட்டு சார் எழுந்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். “செலவுப் பக்கம் 4,200 ரூபாய் குறைகிறதம்மா” என்றார். கையில் கால்குலேட்டர்கூட இல்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் அவர் சொன்னது சரி. தண்ணீர் லாரிச் செலவு ஒன்றை நான் பிறகு 61ஆம் வரிசையில் சேர்த்திருக்கிறேன். கூட்டல் சூத்திரம் 60ஆம் வரிசையோடு நின்றுவிட்டது. பிழை என்னுடையதுதான். ஆனாலும் இத்தனை நாளும் அந்தத் தாள் வாயைத் திறக்காமல் இருந்ததே என்பது உறுத்தியது.

தப்பு நடந்தால் கத்துகிற கணக்கு வேண்டும் என்று தேடியதில் கிடைத்தவை கட்டளைவரிக் கணக்கு மென்பொருள்கள், அதாவது கட்டளையைத் தட்டச்சு செய்து இயக்குபவை. ஜான் வீக்லி 2003இல் சி++ மொழியில் தொடங்கிய லெட்ஜர்தான் இந்தக் குடும்பத்துக்கு மூத்தது. அதைப் பார்த்து சைமன் மைக்கேல் 2007இல் ஹாஸ்கெல் மொழியில் தொடங்கியது ஹெச்லெட்ஜர். மார்ட்டின் ப்ளே பைத்தானில் எழுதிய பீன்கவுண்ட் இன்னொன்று. எல்லாம் கட்டற்ற மென்பொருள்கள். எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே. நம் கணக்கு ஒரு சாதாரண உரைக் கோப்பு. அதை எந்த உரைத் திருத்தியிலும் திறக்கலாம், எழுதலாம். மென்பொருள் அந்தக் கோப்பைப் படித்துக் கூட்டிச் சொல்லும். தானாக எதையும் மாற்றாது. உள்ளே இருப்பது 1494இல் லூக்கா பச்சோலி வெனிஸில் அச்சிட்டு வெளியிட்ட அதே இரட்டைப் பதிவு முறை: எந்தத் தொகையும் ஒரு கணக்கில் பற்று, இன்னொன்றில் வரவு.

நான் ஹெச்லெட்ஜரை எடுத்துக்கொண்டேன். காரணம் அற்பமானது: லட்சம், கோடி என்று நம் வழக்கப்படி காற்புள்ளி போட்டு எண்களைக் காட்ட அதற்குத் தெரியும். அந்தக் காற்புள்ளியே முதல் அடியையும் கொடுத்தது.

ஒரு பதிவு இப்படி இருக்கும்:

2024-04-01 ஏப்ரல் மாதக் கேட்பு
    சொத்து:நிலுவை:ஏ1    ₹2,500
    சொத்து:நிலுவை:ஏ2    ₹2,500
    வருமானம்:பராமரிப்பு

18 வீட்டுக்கும் 18 வரி. கடைசி வரியில் தொகை எழுத வேண்டியதில்லை. மீதியை அதுவே போட்டுக்கொள்ளும். எழுதி முடித்து இருப்பு கேட்டேன். 45,000 ரூபாய் சேர வேண்டிய இடத்தில் 45 ரூபாய் சேர்ந்திருந்தது. ஓர் எண்ணில் காற்புள்ளியோ புள்ளியோ ஒன்றே ஒன்று இருந்தால், வேறு ஏதும் சொல்லாதவரை ஹெச்லெட்ஜர் அதைத் தசமக் குறியாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஐரோப்பாவில் பலர் காற்புள்ளியைத் தசமப் புள்ளியாக எழுதுகிறவர்கள். அவர்களுக்கு அது சரி. எங்கள் 2,500 இரண்டரை ரூபாய் ஆகிவிட்டது. கோப்பின் தலையில் ‘கமாடிட்டி’ என்று எழுதி, பக்கத்தில் ₹1,00,00,000.00 என்று ஒரு மாதிரி எண் கொடுத்ததும் சரியானது. கையேட்டின் முதல் குறிப்பு அன்றே பிறந்தது: “முதல் வரியை அழிக்காதே.” அப்போது அது எனக்கு நானே எழுதிக்கொண்ட குறிப்பு, கையேடு என்று பெயர்கூட வைக்கவில்லை.

(கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். கணினியில் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும்.)

கணக்குப் பெயர்களைத் தமிழில் வைத்தது பிடிவாதம்தான். பொதுக்குழுவில் அறிக்கையைப் படிக்கப் போகிறவர்கள் 18 வீட்டுக்காரர்கள். அவர்களுக்கு ‘மின்தூக்கி’ புரிந்தால் போதும். பெயரை எந்த மொழியில் வைத்தாலும் ஹெச்லெட்ஜருக்குக் கவலையில்லை. ஆனால் ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) கேட்டபோது வெற்றுத் தாளை நீட்டியது. ஆங்கிலப் பெயராக இருந்தால் எது சொத்து, எது கடன் என்று பெயரை வைத்தே ஊகித்துக்கொள்ளும். தமிழில் வைத்தால் நாம்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தலைக்கணக்கையும் ‘அக்கவுண்ட்’ என்று அறிவித்து, பக்கத்தில் ‘டைப்’ என்ற குறிச்சொல்லோடு ஆங்கில எழுத்து ஒன்று போட வேண்டும்: சொத்துக்கு ஏ, கடனுக்கு எல், முதலுக்கு இ, வருமானத்துக்கு ஆர், செலவுக்கு எக்ஸ். ஐந்து வரி எழுதினேன், ஐந்தொகை நிரம்பியது.

கேட்பு, வசூல், நிலுவை. நகராட்சி வரிப் பிரிவில் புழங்கும் இந்த மூன்று சொல்தான் எங்கள் கணக்கின் முதுகெலும்பு. மாதம் முதல் தேதி எல்லா வீட்டின் நிலுவையிலும் 2,500 ஏற்றுகிறேன். பணம் வந்ததும் அந்த வீட்டு நிலுவையிலிருந்து இறக்குகிறேன். ‘ஹெச்லெட்ஜர் பால் நிலுவை’ (பால் என்பது பேலன்ஸின் சுருக்கம்) என்று கேட்டால் யார் எவ்வளவு பாக்கி என்று ஒரே நொடியில் வருகிறது. விரிதாளில் இந்தப் பட்டியலுக்கு எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போகும்.

கத்துகிற கணக்கு வேண்டும் என்றேன் அல்லவா, அந்தக் கத்தல் இதுதான்:

2024-04-30 வங்கிப் புத்தகத்தோடு சரிபார்ப்பு
    சொத்து:வங்கி    ₹0 = ₹1,12,640.50

சமக்குறிக்குப் பின்னால் இருப்பது உறுதிமொழி. அந்தத் தேதி முடிவில் வங்கியில் இவ்வளவு இருந்தாக வேண்டும். ஒரு பைசா இடித்தாலும் எந்த அறிக்கையும் வராது, பிழைதான் வரும். கணக்கில் என்ன வந்தது, பாஸ்புத்தகப்படி என்ன வர வேண்டும், வித்தியாசம் என்ன என்று மூன்றையும் சொல்லிவிட்டு நிற்கும். மாதத்துக்கு ஒன்று வீதம் 12 உறுதிமொழி எழுதி 2024-25ஆம் ஆண்டை முடித்தேன். பொதுக்குழுவில் யாரும் எழுந்திருக்கவில்லை. பி3 சார் தாளை இரண்டு முறை புரட்டிவிட்டு, “இதை எதில் போட்டாய்?” என்று மட்டும் கேட்டார். அடுத்த பொருளாளர் யார் என்ற கேள்விக்கு அதுவே விடை ஆகிவிட்டது, பாவம்.

ஒப்படைக்க வேண்டும் என்றவுடன்தான் என் குறிப்புகளைப் படித்துப் பார்த்தேன். “வழக்கம்போல் இம்போர்ட்” என்று ஒரு வரி. வழக்கம் எனக்குத் தெரியும், அவருக்கு? மென்பொருளோடு வரும் ஆங்கிலக் கையேடு நல்ல கையேடுதான், விரிவானதும்கூட. அதை மொழிபெயர்த்து அவர் கையில் கொடுப்பது வீண் வேலை. 18 வீட்டுக் கணக்கை மாதாமாதம் எழுத எது தேவையோ அது மட்டும் போதும் என்று முடிவு செய்து எட்டுப் பக்கம் எழுதி அச்செடுத்து, அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு என் மடிக்கணினியோடு போனேன்.

இரண்டாம் பக்கத்திலேயே நின்றுவிட்டோம். ‘பால்’ கட்டளையின் விடையில் வருமானத்துக்கு முன்னால் கழித்தல் குறி.

“இதென்னம்மா, சங்கத்துக்கு வருமானம் மைனஸா?”

“இந்த முறையில் அப்படித்தான் சார். எல்லாவற்றையும் கூட்டினால் சுழி வர வேண்டும், அதனால்…”

“சுழி ஏன் வர வேண்டும்?”

நான் பணம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பாய்வதாக விளக்கத் தொடங்கினேன். இணையத்தில் படித்த விளக்கம். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், பிறகு கையமர்த்தினார். “பற்று என்றால் கூட்டல், வரவு என்றால் கழித்தல். இவ்வளவுதானே? இதற்கு எதற்கு ஒரு பக்கம்?” என் முழுப் பக்கத்தையும் குறுக்கே அடித்துவிட்டு, ஓரத்தில் அந்த ஒரு வரியை எழுதினார். கீழே வந்த சுழியைப் பார்த்து, “இது இருப்பாய்வு, டிரையல் பேலன்ஸ்” என்றார்.

அதன் பிறகு அவர் கேட்டார், நான் எழுதினேன். கோப்பில் தேதிவாரியாக எழுதுகிறோமே, அது நாள்வழி. ‘ரெக்’ என்று அடித்தால் ஒரு கணக்கின் பதிவுகள் மட்டும் வரிசையாக வருகின்றனவே, அது பேரேடு. ‘பால்’ இருப்பாய்வு, ‘ஐஎஸ்’ வரவு செலவு, ‘பிஎஸ்’ ஐந்தொகை. அவருடைய அப்பா காரைக்குடியில் கணக்குப்பிள்ளையாக இருந்தவராம். ஐந்தொகை என்ற சொல் அந்த வீட்டில் சோறு, குழம்பு போலப் புழங்கிய சொல். ‘ஐஎஸ்’ அறிக்கையில் வருமானத்தையும் ‘பிஎஸ்’ அறிக்கையில் கடனையும் ஹெச்லெட்ஜர் கூட்டலாகவே மாற்றிக் காட்டும் என்பதைக் கண்டதும் அவருக்கு நிம்மதி. வங்கியிலிருந்து வரும் பதிவுகளில் ஆள் தெரியாத பணத்துக்கு நான் ‘தெரியாதது’ என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். “அனாமத்து என்று எழுது. தெரியாதது என்று கணக்கில் எழுதினால் பொருளாளருக்கு மரியாதையா?” என்றார். கணக்கின் பெயரை மாற்றினேன்.

பதிலுக்கு அவர் எனக்கு ஒரு பாடம் நடத்தினார். பாஸ்புத்தகத்தில் நாம் கட்டும் பணம் ‘வரவு’ என்றிருக்கும், நம் நாள்வழியில் அதே பணம் பற்று. இது எனக்கு ஓராண்டாகப் புரியாமல் இருந்தது. “பாஸ்புத்தகம் உன் கணக்கு இல்லை. வங்கி உன்னைப் பற்றி எழுதி வைத்திருக்கும் கணக்கு. அவர்களுக்கு நீ கடன்காரி… இல்லை, அவர்கள்தான் உனக்குக் கடன்காரர்கள்.” சரிதான்.

எட்டுப் பக்கத்தில் மூன்றைக் கிழித்து, மீதியை அவர் சொற்களில் திரும்ப எழுதினேன். வேடிக்கை என்னவென்றால் பக்க வடிவமைப்புதான் என் தொழில். அடுத்தவர் எழுதியதை வாசகருக்கு ஏற்றபடி அடுக்கித் தருவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

இரண்டாவது அமர்வில் அவரையே பதிவு செய்யச் சொன்னேன். பழைய பதிவு ஒன்றை நகலெடுத்து ஒட்டி, தேதியையும் தொகையையும் மாற்றினார்:

2025-04-07 தண்ணீர் லாரி 2 நடை
    செலவு:தண்ணீர் ₹2,400
    சொத்து:ரொக்கம்    -₹2,400

பிழை ஏதும் வரவில்லை. மொத்தச் செலவும் சரி. ஆனால் பட்டியலில் ‘செலவு:தண்ணீர் ₹2,400’ என்ற பெயரில் புதிதாக ஒரு கணக்கு முளைத்திருந்தது. கணக்குப் பெயருக்கும் தொகைக்கும் நடுவே குறைந்தது இரண்டு வெற்றிடம் வேண்டும். ஒன்றுதான் இருந்தால் தொகையும் பெயரின் பகுதி. ‘மோட்டார் பழுது’ என்று ஒற்றை வெற்றிடத்தோடு பெயர் வைக்கச் சலுகை கொடுத்ததால் வந்த வினை. இரண்டு வரியிலும் தொகை இல்லையென்றால் ஹெச்லெட்ஜர் கத்தியிருக்கும். எதிர் வரியில் தொகை இருந்ததால், இந்த விசித்திரப் பெயர்க் கணக்குக்கு 2,400 ரூபாயைத் தானே ஊகித்துப் போட்டுவிட்டு அமைதியாகிவிட்டது. விரிதாளின் 61ஆம் வரிசை நினைவுக்கு வந்தது.

இதற்கு மருந்து ‘செக்’ கட்டளையோடு ‘-எஸ்’ என்று சேர்ப்பது. கண்டிப்பான சோதனை அது. அறிவிக்காத கணக்குப் பெயர் எங்கே தென்பட்டாலும் வரி எண்ணோடு பிடித்துக் கொடுக்கும். நான் ஓராண்டாக அதைப் போடவே இல்லை, ஏனென்றால் எனக்கு இரண்டு வெற்றிடம் கைப்பழக்கம். கணக்குகள் அத்தனையையும் அறிவித்தேன், 34 வரி ஆயிற்று. கையேட்டில்: “எழுதி முடித்ததும் செக் -எஸ். பிறகுதான் மற்றதெல்லாம்.”

மே மாதம் எல்லாவற்றையும் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். ஏப்ரல் கணக்கை நான் முடித்திருந்தேன். மே முதல் அவர். வங்கியின் இணையதளத்திலிருந்து பதிவுகளைச் சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த உரைப் பட்டியல்) இறக்கி, ‘இம்போர்ட்’ செய்ய வேண்டும். எந்தப் பத்தி தேதி, எது வரவு, எது பற்று, யுபிஐ விவரத்தில் எந்தத் துணுக்கு வந்தால் எந்த வீடு என்பதையெல்லாம் பக்கத்தில் ஒரு விதிக் கோப்பில் எழுதி வைத்திருக்கிறேன். வாடகைக்காரர், பெங்களூரில் இருக்கும் மகன், மருமகனின் கம்பெனி என்று யார் யாரோ பணம் போடுவார்கள். ஒரு வீட்டுக்குச் சராசரியாக இரண்டு விதி. இதற்கு மேல் அந்தக் கோப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒருமுறை உட்கார்ந்து எழுதினால் முடிந்தது.

அன்று இரவு தொலைபேசி. “உறுதிமொழி இடிக்கிறது. ஏப்ரல் 30.” நான் முடித்த மாதம்! போய்ப் பார்த்தால் ஏப்ரல் பதிவுகள் எல்லாம் கோப்பின் கடைசியில் இரண்டாம் முறையாக உட்கார்ந்திருந்தன. அவர் நிதியாண்டின் முதல் நாளிலிருந்து பதிவுகளை இறக்கியிருக்கிறார்; அதில் தவறே இல்லை, நானும் அப்படித்தான் செய்வேன். எதுவரை ஏற்கெனவே எடுத்தாயிற்று என்பதை ஹெச்லெட்ஜர் ஒரு சின்னக் கோப்பில் குறித்துக்கொண்டு, அதற்குப் பிந்தியதை மட்டும் சேர்க்கும். அந்தச் சின்னக் கோப்பின் பெயர் புள்ளியில் தொடங்கும். என் லினக்ஸ் கணினியில் புள்ளியில் தொடங்குபவை கண்ணுக்குத் தெரியாது. ‘எல்லாவற்றையும் தேர்ந்தெடு’ என்று சொல்லி நான் நகலெடுத்தபோது அது மட்டும் வராமல் போய்விட்டது.

அந்தக் கோப்பின் பெயரில் சிஎஸ்வி கோப்பின் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால், மாதத்துக்கு ஒரு பெயரில் இறக்கினாலும் இதே கதைதான். கையேட்டில் இரண்டு குறிப்பு சேர்ந்தன: வங்கிக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயர், முதலில் ஒத்திகை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு இம்போர்ட். சார் கோபிக்கவில்லை. உறுதிமொழி வேலை செய்ததில் அவருக்கு உள்ளூர மகிழ்ச்சி என்றே நினைக்கிறேன்.

இனி அந்தச் சனிக்கிழமை.

ஜூன் முதல் வாரம், ரொக்கச் செலவுகளை அவரே தம் கணினியில் தட்டச்சு செய்துவிட்டுக் கூப்பிட்டார். “செக் -எஸ் போட்டால், ‘சொத்து:ரொக்கம்’ என்ற கணக்கை அறிவிக்கவில்லை என்கிறது. நீ அறிவித்துத்தானே இருக்கிறாய்?” போனேன். அறிவித்துத்தான் இருக்கிறேன், 6ஆம் வரி. பிழை காட்டும் பதிவிலும் அதே பெயர். எழுத்துக்கு எழுத்து அதே. கணக்குப் பட்டியலைக் கேட்டேன்:

சொத்து:ரொக்கம்
சொத்து:ரொக்கம்

ஒன்றின் கீழ் ஒன்றாக, இரட்டைப் பிள்ளைகள் போல. ஐந்தொகையில் ஒரு ரொக்கம்தான் தெரிந்தது. மற்றதற்கு டைப் இல்லையே. பெயரின் கடைசியில் வெற்றிடம் ஒட்டியிருக்குமோ என்று பார்த்தேன், இல்லை. அந்த வரியை அழித்து என் மடிக்கணினியில் அடித்தேன், பிழை போயிற்று. அவர் தம் கணினியில் அடித்தார், வந்தது. நான் நகலெடுத்து ஒட்டினேன், போயிற்று. “என் கையில்தான் கோளாறு போல” என்று சிரித்தார். ஒன்றரை மணி நேரம். நடுவில் காபி வந்து ஆறியது.

அவர் விரல்களைக் கவனித்த பிறகுதான் உறைத்தது. அவர் தட்டச்சு இயந்திரத்தில் தமிழ் படித்தவர். கணினியிலும் அதே விசைமுறை. ‘சொ’ அடிக்க முதலில் கொம்பு, பிறகு ச, பிறகு கால். என்னுடையது தமிழ்99 விசைமுறை, ச அடித்து ஒ அடிப்பேன். ‘சொத்து’ என்ற ஒற்றைச் சொல்லை இரண்டு கோப்பில் தனித்தனியே போட்டு எத்தனை பைட் என்று எண்ணச் சொன்னேன். என்னுடையது 18. அவருடையது 21.

யூனிகோடில் ‘ொ’ என்ற உயிர்மெய்க் குறிக்கு இரண்டு வழி உண்டு. கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியீடாக எழுதலாம். கொம்புக்கு ஒன்று, காலுக்கு ஒன்று என இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கோப்பைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். என் சொத்தில் ச, ொ, த, புள்ளி, த, ு என ஆறு. அவருடைய தட்டச்சு மென்பொருள் ொ-வைப் பிரித்தே வைப்பதால் ஏழு. ஹெச்லெட்ஜர் கண்ணால் படிப்பதில்லை, குறியீட்டை ஒப்பிடுகிறது. அதற்கு அவை இரண்டு பெயர். ‘ரொக்க’த்திலும் அதே ொ. ‘செலவு’, ‘வருமானம்’ இரண்டிலும் அது இல்லாததால் அவை தப்பின. அறிவிக்காத கணக்கை ஏற்றுக்கொள்ளும் பழைய பழக்கத்திலேயே நான் இருந்திருந்தால், சங்கத்தின் ரொக்கம் ஓராண்டுக்கு இரண்டு பையில் இருந்திருக்கும்.

எழுத்துரு மாற்றிக் கொடுப்பது என் அன்றாட வேலை. பழைய கோப்புகளில் ‘ஔவை’யை ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடித்திருப்பதைத் திருத்தியே தலை நரைத்தவள். கண்முன்னால் நடந்தபோது ஒன்றரை மணி நேரம் பிடித்தது.

தீர்வு சிறியது. பைத்தானில் நாலு வரி: கோப்பைப் படித்து, யூனிகோடின் என்எஃப்சி என்ற நெறிப்படி பிரிந்ததையெல்லாம் சேர்த்து, திரும்ப எழுதிவிடும். அதையும் செக் -எஸ் கட்டளையையும் ஒரே கோப்பில் கோத்து, அவர் கணினியின் முகப்பில் வைத்துவிட்டேன். இரட்டைச் சொடுக்கு போதும். விசைமுறையை மாற்றிக்கொள்ளச் சொல்லவில்லை. எழுபது வயதில் ஒருவர் விரலைத் திருத்துவதைவிடக் கோப்பைத் திருத்துவது எளிது.

என்எஃப்சி எல்லாவற்றையும் காப்பாற்றாது என்பதையும் எழுதி வைத்தேன். ‘ஸ்ரீ’ ஒரு தனிச் சள்ளை. அதை ஸ-வில் தொடங்கியும் எழுதுவார்கள், ஶ-வில் தொடங்கியும் எழுதுவார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். ஆனால் அவை வேறு வேறு எழுத்துகள், எந்த நெறியும் அவற்றைச் சேர்த்து வைக்காது. எங்களுக்குக் குழாய்ச் சாமான் கொடுக்கும் கடையின் பெயர் ஸ்ரீயில் தொடங்குகிறது. பேரேட்டில் தேடினால் பாதி பில்கள்தான் கிடைக்கும். கையேட்டில்: “கடைப் பெயரில் ஸ்ரீ வேண்டாம்.” கடைக்காரருக்குத் தெரியாது.

தேடுவதிலும் ஒரு கண்ணி இருந்தது. மின்கட்டணம் எவ்வளவு என்று பார்க்க அவர் ‘மின்’ என்று மட்டும் அடித்திருக்கிறார். மின்சாரமும் வந்தது, மின்தூக்கியும் சேர்ந்து வந்தது, தொகை கண்ணைக் கட்டியது. எழுத்துத் துணுக்கு எங்கே பொருந்தினாலும் எடுத்துக்கொள்ளும். முழுப் பெயர் அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியாக, பார்வைக்கு. கட்டளைவரியின் கறுப்புத் திரையில் தமிழ் அழகாக வராது. அவர் கணினியில் கொம்பும் காலும் தனித்தனியாக நின்றன. என்னுடையதில் எழுத்து சரி, ஆனால் எண் பத்திகள் பல்வரிசை போல ஏறி இறங்கின. தமிழ் எழுத்துகள் ஒரே அகலத்தில் இருப்பதில்லை, திரையோ எல்லாவற்றுக்கும் ஒரே அகலக் கட்டம் போடுகிறது. எழுத்துரு மாற்றி மாற்றிப் பார்த்துக் கைவிட்டேன். எந்த அறிக்கையையும் ‘-ஓ’ போட்டு ஹெச்டிஎம்எல் கோப்பாக எழுதச் சொன்னால், உலாவியில் திறந்து பார்க்கலாம், அச்செடுக்கலாம். வரிசை பிசகுவதில்லை. இதை முதல் மாதமே செய்திருக்க வேண்டும்.

ஜூலையில் ஒருநாள் காலை எட்டு மணிக்கே தொலைபேசி. “செக் போட்டேன். ஒன்றுமே வரவில்லையே? உறைந்துவிட்டதா?”

“ஒன்றும் வரவில்லை என்றால் எல்லாம் சரி என்று அர்த்தம் சார்.”

“அதை எழுதியிருக்க வேண்டாமா?”

எழுதியிருக்கவில்லை. பதினான்கு மாதம் அந்த வெறுமையைப் பார்த்துப் பழகியதில் அது ஒரு விடை என்றே எனக்குத் தோன்றவில்லை. அவர் தம் அச்சுப் படியில் பென்சிலால் எழுதிக்கொண்டார். அந்தப் படி இப்போது என்னிடம் திருத்தத்துக்கு வந்திருக்கிறது. பென்சில் குறிப்புகள் மொத்தம் 11. ஒன்பதைத் தட்டச்சு செய்துவிட்டேன். ஒன்று எழுத்துப் பிழை. மீதி இருக்கும் ஒன்றில்தான் சண்டை: பிப்ரவரி, மார்ச் மாதங்களுக்கான மின்கட்டணத்தை ஏப்ரலில்தான் கட்டுகிறோம், நானும் ஏப்ரல் செலவாகத்தான் எழுதினேன். அவர் ஓரத்தில், “தவறு. மார்ச் 31 தேதியிட்டுக் கடன்:கொடுபடவேண்டியது” என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டிருக்கிறார். அப்படிச் செய்தால் போன ஆண்டு ஐந்தொகையைத் திருத்த வேண்டும். அதில் செயலாளர் கையெழுத்துப் போட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அந்தச் சாப்பாட்டு மேசைக்குப் போகிறேன்.